லேப்டாப் சூடாகிறது என்று சர்வீஸுக்குக் கொடுப்பவர்கள் கவனத்துக்கு

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் எனக்கு நடந்தது இது. கடைப் பெயர் வேண்டாம். இதே வேலையை வேறு கடையிலும் செய்யலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

தங்கச்சிமடத்தில் ஃப்ளெக்ஸ், கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்து கொடுக்கிறேன். லேப்டாப்பில் இருப்பது இன்டெல் ஐ5-8250யு சிப் (புராசஸர்). பெரிய ஃபைல் திறந்தாலே கொதித்துப் போய்த் தானாக அணைந்துவிடும். உப்புக் காற்றும் மணலும் உள்ளே போகிற ஊர், அதில் ஆச்சரியமில்லை. கடையில் பார்த்துவிட்டு, ஃபேன் போய்விட்டது, சிப்பின் மேல் சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட்டும் புதிதாகப் போட வேண்டும் என்று 3,200 ரூபாய் வாங்கினார்கள். பில்லிலும் ‘ஃபேன் மாற்றம்’ என்றே இருக்கிறது. பழைய ஃபேனைக் கேட்டதற்கு, “அதெல்லாம் குப்பையில போட்டாச்சுண்ணே” என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு சூடு சுத்தமாக இல்லை. வேகமும் இல்லை. போட்டோஷாப் திறப்பதற்குள் கடைத்தெரு போய் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். போன் போட்டால், “பழைய மாடல்ண்ணே, ரேம் கூட்டிப் போடுங்க” என்று அடுத்த செலவைச் சொல்கிறார்!

லீவுக்கு வந்த தங்கச்சி மகன்தான் டாஸ்க் மேனேஜரைத் திறந்தான். 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடிய சிப், எவ்வளவு வேலை கொடுத்தாலும் ஒன்றைத் தாண்டவில்லை. அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து, விண்டோஸின் பவர் அமைப்புகளைக் காட்டும் பவர்சிஎஃப்ஜி கட்டளையில் மறைந்திருக்கும் அமைப்புகளையும் காட்டும் ‘கியூஎச்’ சேர்த்து அடித்தான். “மாமா, இந்த வரியப் பாருங்க.” அதிகபட்ச புராசஸர் நிலை என்ற இடத்தில், சார்ஜருக்கும் பேட்டரிக்கும் வரிக் கடைசியில் ‘1இ’ என்று இருந்தது. அது ஹெக்ஸ் எண், அதாவது பத்துக்குப் பதில் பதினாறை அடிப்படையாக வைத்து எழுதுவது. நம் கணக்கில் 30. அதாவது 30 சதவீதத்துக்கு மேல் ஓடாதே என்று கட்டிப்போட்டிருக்கிறார்கள். வேகத்தையும் வோல்டேஜையும் குறைத்தால் சூடு குறையத்தானே செய்யும்? (உங்களுடையதில் 64 என்று இருந்தால் பதறாதீர்கள், ஹெக்ஸில் அதுதான் 100.) கன்ட்ரோல் பேனலில் பல லேப்டாப்களில் இந்த வரி கண்ணிலேயே படாது.

அதே இடத்தில் 99 வைத்து, சிப் தேவைப்படும்போது கூடுதல் வேகம் எடுக்கும் டர்போவை மட்டும் நிறுத்தும் வழக்கம் உண்டு. சொல்லிவிட்டுச் செய்தால் அது தப்பில்லை.

பின்மூடியைக் கழற்றினோம். அதே பழைய ஃபேன். இறக்கைகளில் பிசுபிசுவென்று அழுக்கு, சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கின் வாய் முழுக்கத் தூசி அடைத்து நிற்கிறது, பேஸ்ட் காய்ந்து வெடித்திருக்கிறது. பிரஷ்ஷால் சுத்தம் செய்து, புது பேஸ்ட் தடவி, இரண்டு இடத்திலும் 100 என்று மாற்றினோம். அதற்குப் பிறகு பவர்சிஎஃப்ஜியின் ‘செட்ஆக்டிவ்’ கட்டளையும் கொடுத்தால்தான் மாற்றம் உடனே நடைமுறைக்கு வரும். இப்போது அணையாமல் ஓடுகிறது.

கடைக்காரரிடம் கேட்டால், “சூடு குறையணும்னுதான கேட்டீங்க, குறைஞ்சுச்சா இல்லையா?” என்கிறார். பணம் தர மாட்டாராம். பில், கமாண்ட் திரையின் படம், அழுக்கு ஃபேனின் படம் மூன்றும் என்னிடம் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லியாயிற்று. அதில் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்ச ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.