எல்.இ.டி. பார் விளக்கு: நாடக மேடைக்கு எடுக்கலாமா?

இப்போது எந்தக் கடையில் மேடை விளக்கு வாடகைக்குக் கேட்டாலும் முதலில் எடுத்துக் காட்டுவது 54 மணிகள் (குட்டி எல்.இ.டி. பல்புகள்) பதித்த எல்.இ.டி. பார் (PAR) என்னும் மேடை விளக்கைத்தான். எங்கள் குழுவின் புதிய நாடகத்துக்கு விளக்கு என் பொறுப்பு. செலவுக் கணக்குப் போடும்போது இதைப் போல் ஆசை காட்டும் பொருள் வேறில்லை. பழைய ஹாலஜன் பல்பு போட்ட பார் 64 விளக்கு ஒன்றே 1000 வாட் இழுக்கும். பன்னிரண்டு மாட்டினால் 12 கிலோவாட். அரங்கத்து ஒயரிங் தாங்குமா என்று எலக்ட்ரீஷியன் தாடையைச் சொறிவார். எல்.இ.டி.யில் 3 வாட் மணிகள் 54. கணக்குப்படி 162 வாட். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் பெட்டி வேண்டாம், நிறத்துக்காக விளக்கின் முன் மாட்டும் ஜெல் தாள் வேண்டாம், நடிகர்களுக்கு வியர்த்து ஒப்பனையும் வழியாது.

மேடை ஒத்திகையில்தான் சாயம் வெளுத்தது. இரண்டாம் காட்சியின் முடிவில் பாட்டி ஊஞ்சலில் தனியாக உட்கார்ந்திருக்க, வெளிச்சம் மெல்ல அடங்கவேண்டும். ஹாலஜன் என்றால் மங்க மங்க இழை சிவந்து, கேட்காமலே பொன்னிறம் தரும். இதுவோ பாதிக்குக் கீழே வந்ததும் தத்தித் தத்திக் குறைந்து, கடைசியில் பட்டென்று அணைந்தது. "கரண்ட் போய்விட்டதா?" என்று இருட்டிலிருந்து பாட்டி கேட்டார்.

நிறம் அடுத்த தலைவலி. சிவப்பையும் பச்சையையும் கலந்து இது காட்டும் மஞ்சளில், பான்கேக் ஒப்பனை பூசிய முகத்தில் பச்சை ஓடுகிறது. மயில்கழுத்துப் பட்டு நீலத்தை இழந்து பாசி நிறமாகிறது. வெள்ளை மணிகளும் சேர்ந்த மாடலில் இந்தக் குறை பெருமளவு இல்லை. அதையே கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒரு குட்டி மின்விசிறியும் சுற்றுகிறது. தலைக்கு மேல் தொங்கும் மைக்கை நம்பி வசனம் பேசும் சபா மேடையில், அந்த இரைச்சல் அமைதியான காட்சியைக் கெடுக்கும்.

ஆகவே முகத்துக்கு நான்கு ஹாலஜன், பின்திரை வானத்துக்கு மட்டும் எல்.இ.டி. என்று மாற்றினேன். வானத்துக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை: விடியல் நீலம் முதல் மாலைச் சிவப்பு வரை ஒரே விளக்கில் கிடைத்தது. அரங்கேற்றத்தன்று ஊஞ்சல் காட்சி நான் நினைத்தபடியே அடங்கியது.

நகைச்சுவை நாடகத்துக்கும் நடனத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். குடும்பக் கதை என்றால், முன்பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே ஒன்றை எரியவிட்டு, மெதுவாகக் குறைத்துப் பாருங்கள். நாயகியின் புடவையையும் கையோடு கொண்டுபோங்கள். ஹாலஜனும் சேர்த்து எடுத்தால் மாற்று பல்பு ஒன்றை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், கடைக்காரராக நினைவுபடுத்தமாட்டார்.