வியட்நாமில் கூகுள் டிரான்ஸ்லேட்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் ஆங்கிலம், வியட்நாமியம் இரண்டையும் ஆஃப்லைனுக்கு இறக்கிவிடுங்கள். தமிழில் தட்டுவதைவிட ஆங்கிலத்தில் சின்னச் சின்ன வாக்கியமாகத் தட்டுவது மேல்; வந்த மொழிபெயர்ப்பை மறுபடி ஆங்கிலத்துக்குத் திருப்பிப் போட்டு ஒருமுறை சரிபாருங்கள்.

அச்சடித்த மெனுவைக் கேமரா நன்றாகவே படிக்கும், கரும்பலகைக் கிறுக்கலில் தடுமாறும். உண்மையான தலைவலி மெசேஜில்தான். அவசரத்தில் உள்ளூர்க்காரர்கள் வியட்நாமிய எழுத்தின் மேலும் கீழும் வரும் குறிகளை விட்டுவிட்டு அனுப்புவார்கள்; செயலி உளற ஆரம்பித்துவிடும். அப்போது வாய்ஸில் பேசச் சொல்லுங்கள்.

சைவக்காரர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் காட்டினால் மீன் சாறு ஊற்றிய கீரை வரலாம். மீன் சாறு, இறால், எலும்பு சூப் என ஒவ்வொன்றாகச் சொல்லி மறுக்க வேண்டும்.

விலைப் பலகையில் '50கே' என்றால் 50,000 டாங் (வியட்நாம் பணம்). பேரத்துக்குக் கால்குலேட்டரே போதும்.