தலைமேல் வைத்த கை: ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் எங்கே பிரிகின்றன?

என் தங்கை மகன் கல்யாணம். நாங்கள் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்), பெண் வீட்டார் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்டு). மதுரையில் ஒரு கத்தோலிக்கக் கோயிலில் திருமணப் பூசை. நன்மை (நற்கருணை அப்பம்) கொடுக்கும் நேரம் வந்ததும் எங்கள் பக்கத்து ஆட்கள் வரிசையில் எழுந்து போனார்கள். பெண்ணின் பாட்டியும் முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தார். அவருடைய மருமகள் மெல்லக் கையைப் பிடித்து, "நமக்குக் கிடையாது அத்தை" என்று உட்கார வைத்தார்.

பந்தியில் பாட்டி என் பக்கத்து இலை. ரசம் ஊற்றும்போது கேட்டார்: "எங்க பேராயரும் தலையில கை வச்சுத்தானே தம்பி ஆயர்களை ஏற்படுத்துறாரு? உங்க பேராயரும் அதைத்தானே செய்றாரு? அப்புறம் என்ன வித்தியாசம்?"

பல வருஷம் மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவன் நான். அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அவர் கேட்டதற்குச் சரியான பதில் இவ்வளவு நீளம்.

முதலில் வார்த்தைக் குழப்பம். கத்தோலிக்கர்களுக்கு ஆயர் என்றால் ஒரு மறைமாவட்டத்தின் தலைவர். சி.எஸ்.ஐ.யில் பெரும்பாலும் ஆயர் என்பவர் சபையைப் பார்த்துக்கொள்ளும் போதகர். திருமண்டிலத்தின் தலைவர்தான் பேராயர். மதுரை கத்தோலிக்கர்களுக்கு உயர்மறைமாவட்டம் என்பதால் எங்கள் தலைவரும் பேராயர். ஆக ஒரே ஊரில் இரண்டு பேராயர்கள். வேதப் புத்தகத்திலும் இதே கதை. இயேசு பேதுருவிடம் சொன்ன வாக்கு அவர்கள் வேதாகமத்தில் "இந்தக் கல்லின்மேல் என் சபை", எங்கள் விவிலியத்தில் "இந்தப் பாறையின்மேல் என் திருச்சபை". என் அப்பா காலத்து ஆட்கள் பேதுரு என்றே சொல்ல மாட்டார்கள், இராயப்பர்தான்.

கத்தோலிக்கத் தரப்பு சொல்வது இது. திருத்தூதர்கள் (அப்போஸ்தலர்கள்) தலையில் கை வைத்து ஆயர்களை ஏற்படுத்தினார்கள், அந்த ஆயர்கள் அடுத்தவர்களை; கையிலிருந்து கைக்கு வந்த அந்த வரிசை இன்றுவரை அறவில்லை. இயேசு புத்தகம் எழுதிக் கொடுக்கவில்லை, பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்தார். யூதாஸ் போனதும் அந்த இடத்துக்கு மத்தியாவைச் சேர்த்தார்கள். ஆள் போனாலும் பொறுப்பு நிற்கிறது. பவுல் திமொத்தேயுவிடம், நீ கேட்டதை நம்பிக்கைக்குரியவர்களிடம் ஒப்படை, அவர்கள் மற்றவர்களுக்குக் கற்பிக்கட்டும் என்கிறார். ஏறத்தாழ கி.பி. 180 இல் லியோன் நகர ஆயர் இரேனியு, பேதுரு, பவுல் தொடங்கித் தன் காலம் வரை உரோமை ஆயர்களின் பெயர்களை வரிசையாக எழுதி வைத்தார். அவர் சிறுவயதில் பொலிக்கார்ப்பு பேசக் கேட்டவர்; பொலிக்கார்ப்பு திருத்தூதர் யோவானைப் பார்த்தவர் என்று அவரே சொல்கிறார். இதை நான் லேசில் தள்ள மாட்டேன். இரேனியுவுக்கும் யோவானுக்கும் நடுவே ஒரே ஒரு ஆள்தான்.

சீர்திருத்தத் தரப்பும் (புராட்டஸ்டண்டுகள்) வெறுங்கையோடு வரவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 20 ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசுவின் மூப்பர்களை வரவழைக்கிறார். அதே ஆட்களையே சற்று நேரத்தில் கண்காணிகள் என்கிறார். அந்தக் 'கண்காணி'க்கான கிரேக்கச் சொல்தான் பிறகு பிஷப் ஆனது. (தேயிலைத் தோட்டத்துக் கங்காணியை அறிந்த நம் ஜனங்களுக்கு அந்த வார்த்தை எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.) ஆக, முதல் தலைமுறையில் மூப்பர் வேறு, ஆயர் வேறு என்ற படிநிலை இன்று இருப்பதுபோல் இல்லை. பேதுரு தவறியபோது பவுல் எல்லார் முன்னும் எதிர்த்தார் என்பதும் கலாத்தியரில் இருக்கிறது. 1519 இல் லைப்சிக் விவாதத்தில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர், போப் மட்டுமல்ல, ஆயர்கள் கூடும் திருச்சங்கமும் தவறலாம் என்றார். அவர்கள் பார்வையில் அப்போஸ்தலரின் வாரிசு யார் என்றால், அப்போஸ்தலரின் போதனையைக் கைவிடாதவர்.

கை வைத்து வரும் அந்த வரிசையிலும் ஓர் இடைவெளி உண்டு. இன்றைய கத்தோலிக்க ஆயர்களில் மிகப் பெரும்பாலோரின் திருநிலைப்பாட்டு (கை வைத்துப் பதவியில் அமர்த்தும்) வரிசையைப் பின்னோக்கித் தேடிப் போனால் 16 ஆம் நூற்றாண்டின் ஷிப்பியோனே ரெபீபா என்ற கர்தினாலிடம் நின்றுவிடுகிறது. அவரை அபிஷேகம் செய்தவர் யார் என்பதற்கு ஆவணம் கிடைக்கவில்லை. இதற்குத் திருச்சபையின் பதில்: தனித்தனிச் சங்கிலியைப் பார்க்காதே, ஆயர்கள் குழு முழுவதும் திருத்தூதர் குழுவின் இடத்தில் நிற்கிறது. ஓர் ஆயரைத் திருநிலைப்படுத்தக் குறைந்தது மூன்று ஆயர்கள் வேண்டும் என்று 325 இலேயே நிசேயா சங்கம் விதித்தது. இந்தப் பதில் எனக்குப் போதுமானது. எதிர்த்தரப்புக்குப் போதாது என்பதும் புரிகிறது.

ஆனால் கை விஷயத்தைவிடப் பெரியது, தகராறு வந்தால் கடைசி வார்த்தை யாருடையது என்பது. இதைப் புரிந்துகொள்ள மதுரையைத் தாண்டிப் போக வேண்டியதே இல்லை.

1606 இல் இயேசு சபையின் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, மரக்கறி உண்டு, துறவி போல வாழ்ந்தார். மனம் திரும்பியவர்கள் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம், அவை சமூக வழக்கம், மதச் சின்னம் அல்ல என்றார். இங்கே ஏற்கெனவே இருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற குருவே அவர்மேல் புகார் எழுதினார். வழக்கு கோவாவுக்குப் போனது. அங்கே பேராயர் எதிர்த்தார். அங்கிருந்து உரோமை. 1623 இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, சில நிபந்தனைகளோடு நொபிலியின் பக்கம் தீர்த்தார். மதுரைத் தெருவில் ஒருவர் குடுமி வைக்கலாமா என்ற கேள்விக்குக் கடல் தாண்டி விடை வந்தது. மெதுவான வழிதான், ஆனால் தீர்ந்தது. பிறகு மலபார் சடங்குகள் (கிறிஸ்தவரானவர்கள் வைத்துக்கொண்ட உள்ளூர் வழக்கங்கள்) பற்றிய சண்டையாக அது மறுபடி கிளம்பி, 1744 இல் பதினான்காம் பெனடிக்ட் காலத்தில் விதிகள் இறுகின. அப்போதும் முடிவு உரோமையிலிருந்தே வந்தது.

இன்னொரு பக்கம், 1834 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன். பசுமலை, அமெரிக்கன் கல்லூரி எல்லாம் இவர்கள் வழி வந்தவை. காங்கிரகேஷனல் மரபு, அதாவது சபையே கூடி முடிவெடுக்கும், பிஷப் கிடையாது. 1847 இல் சாதி பார்ப்பவர்களைச் சபை வேலையில் வைத்துக்கொள்வதில்லை என்று கறாராக முடிவெடுத்தார்கள். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடு என்பதுதான் சோதனை. உபதேசியார்கள் பலர் வேலையை இழந்தார்கள். எந்த உரோமையையும் கேட்கவில்லை. வேதத்தைத் திறந்தார்கள், கூடினார்கள், முடித்தார்கள். ஆனால் சாதி விஷயத்தில் இவ்வளவு கண்டிப்பு காட்டாத லைப்சிக் லுத்தரன் மிஷன் அப்போது தமிழ்நாட்டில் இருந்தது. பிடிக்காதவருக்கு இன்னொரு வாசல் திறந்திருந்தது. ஒரு சபையின் முடிவு அடுத்த சபையைக் கட்டாது; சீர்திருத்த ஏற்பாட்டின் பலவீனம் அங்கேதான்.

கத்தோலிக்கனாக இருந்துகொண்டே சொல்கிறேன். ஒரு வழக்கை முடித்துவைக்கும் வழி எங்களிடம் இருந்தது. ஆனால் சாதியைப் பொறுத்தவரை சுவிசேஷத்துக்கு நெருக்கமாக நின்றது அந்த அமெரிக்கர்களின் பந்திதான். எங்கள் கோயில்களில் சாதிக்கு ஒரு பக்கமாக உட்கார்ந்த காலம் நீண்டது. கல்லறையில்கூடச் சுவர் எழுப்பினோம். அதிகாரம் சரியான கையில் இருந்ததால் மட்டும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை.

கை வைத்த வரிசை மட்டும் போதாது என்பதற்கும் நம் பக்கத்திலேயே சாட்சி உண்டு. 1838 இல் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி, போர்ச்சுகல் அரசின் ஞான ஆதரவில் (கோயில்களையும் ஆயர் நியமனத்தையும் அந்த அரசு கவனிக்கும் ஏற்பாடு) இருந்த பல பகுதிகளை அதன் ஆளுகையிலிருந்து எடுத்தார். கோவா குருக்கள் ஏற்கவில்லை. மதுரை மிஷனுக்குத் திரும்பி வந்த பிரெஞ்சு இயேசு சபையினருக்கும் அவர்களுக்கும் கோயில்களுக்காகப் பெரிய சண்டை. 1886 உடன்படிக்கை வரை ஓயவில்லை. இரண்டு பக்கமும் முறையாகத் திருநிலை பெற்றவர்கள்தான். அதனால்தான் கத்தோலிக்கத் தரப்பு, வரிசை மட்டுமல்ல, பேதுருவின் வாரிசான திருத்தந்தையோடு உள்ள ஒன்றிப்பும் வேண்டும் என்கிறது.

இனி பாட்டியின் பேராயருக்கு வருவோம். 1947 செப்டம்பர் 27 இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரகேஷனல் மரபுகள் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனது. மதுரை-ராமநாதபுரம் திருமண்டிலத்தின் முதல் பேராயர் லெஸ்லி நியூபிகின், பிஷப்பே இல்லாத ஸ்காட்லாந்து பிரஸ்பிடேரியன் மரபில் குருவானவர். ஆங்கிலிக்கன் வரிசையில் வந்த பேராயர்கள் கை வைத்தே புதிய பேராயர்களை ஏற்படுத்தினார்கள். ஏற்கெனவே ஊழியத்தில் இருந்தவர்களுக்கோ மறுபடி கை வைக்கவில்லை. அவர்களை அப்படியே ஏற்றார்கள். முப்பது வருஷம் கழித்துப் பார்த்துக்கொள்வோம் என்றார்கள். பேராயர் பதவியை ஏற்கிறோம், அதற்கு இதுதான் விளக்கம் என்று எவரையும் கட்டாயப்படுத்த மாட்டோம் என்பது அவர்கள் சட்டம். இந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

உரோமையின் பார்வை வேறு. 1896 இல் பதின்மூன்றாம் லியோ, ஆங்கிலிக்கன் திருநிலைப்பாடு செல்லாது என்று அறிவித்தார். இங்கிலாந்து மன்னர் ஆறாம் எட்வர்ட் காலத்துத் திருநிலைப்பாட்டு முறை நூலில் பலி செலுத்தும் குருத்துவம் என்ற கருத்து விலக்கப்பட்டது. அங்கே வரிசை அறுந்தது என்பது வாதம். அதனால் சி.எஸ்.ஐ. ஆயர் ஒருவர் கத்தோலிக்கக் குருவாக வந்தால் திருநிலைப்பாடு முதலிலிருந்து. குருத்துவம் இல்லாத இடத்தில் நற்கருணை மறைபொருளின் முழுமை இல்லை என்று 1964 இல் வாடிகன் சங்கமும் சொன்னது. பாட்டியை உட்கார வைத்தது இதுதான். அவருடைய ஞானஸ்நானத்தை மட்டும் உரோமை ஏற்கிறது.

தமிழ் லுத்தரன் திருச்சபைக்குச் சுவீடன் வழியாக வந்த பிஷப் வரிசை உண்டு. பெந்தெகொஸ்தே சபைகள் இந்தக் கேள்வியையே எடுப்பதில்லை. ஆவியானவரின் அழைப்பு போதும். ஞானஸ்நானமும் மறுபடி கொடுப்பார்கள், ஆர்.சி.யானாலும் சி.எஸ்.ஐ.யானாலும்.

எனக்குக் கத்தோலிக்கப் பக்கம்தான் மனம் நிற்கிறது. எந்த நூல்கள் வேதம் என்பதையே ஒரு திருச்சபை கூடித்தான் சொல்லியிருக்கிறது. வாசிப்பவர் இருவர் முரண்பட்டால் பேச ஓர் உயிருள்ள குரல் தேவை. ஆனால் இரேனியு அந்தப் பட்டியலை எழுதியதே போதனை மாறவில்லை என்று காட்டத்தான். போதனையை விட்டுவிட்டு வரிசையை மட்டும் தூக்கிப் பிடித்தால் அவரே நம் பக்கம் நிற்க மாட்டார்.

கல்யாணம் முடிந்த மூன்றாம் வாரம் பாட்டி தங்கள் ஆராதனைக்குக் கூப்பிட்டார். போனேன். அன்றைக்குத் திருவிருந்து. மற்றச் சபைகளில் திருவிருந்து பெறுகிறவர்களும் வரலாம் என்று ஆயர் அழைத்தார். பெஞ்சு பெஞ்சாக எழுந்து போனார்கள். எங்கள் திருச்சபை அனுமதிக்காததால் நான் உட்கார்ந்தே இருந்தேன். முழங்காலிட்டு வாங்கிவிட்டுத் திரும்பிய பாட்டி, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அடுத்த கீர்த்தனையின் பக்கத்தை எடுத்துப் புத்தகத்தை என் மடியில் வைத்தார்.