தனித்தனி மெயிலா, ஒரே மூட்டையா: டயல்-அப் காலத்துக் கணக்கு

1998-ல் மும்பை மாட்டுங்காவில் ஒரு ஏற்றுமதி அலுவலகத்தில் இருந்தேன். பகலெல்லாம் வரிசையில் சேரும் மெயில், இரவு எஸ்டிடி (வெளியூர் போன்) கட்டணம் குறைந்த பிறகுதான் யுயுசிபி வழியாகத் திருப்பூர் கிளைக்குப் போகும். கணினிகள் போன் லைனில் ஒன்றையொன்று அழைத்துக் கோப்புகளைப் பரிமாறும் பழைய முறை அது. மோடம் நொடிக்கு 9600 பிட் வேகம். லைன் சுத்தமாக இருந்தாலே நொடிக்கு 960 எழுத்துதான்.

முதலில் ஒவ்வொரு மெயிலையும் தனியாகத்தான் அனுப்பினோம். ஒரு மெயிலுக்கு இரண்டு கோப்பு: ஒன்று கடிதம், இன்னொன்று அதை என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை. ஒவ்வொரு கோப்புக்கும் "அனுப்பவா", "அனுப்பு", "வந்து சேர்ந்தது" என்று இரண்டு பக்கமும் பேசிக்கொள்ளும். தரவு போகும்போது எரியும் மோடத்தின் எஸ்டி விளக்கு படபடவென்று மின்னும், அணையும், மறுபடி மின்னும். அணைந்திருக்கும் நேரத்துக்கும் காசுதான். நான்கு வரிக் கடிதங்கள் நூறு இருந்தால், பேச்சுக்கே பாதி நேரம் போய்விடும்.

அப்புறம் பேட்ச் எஸ்எம்டிபிக்கு மாறினோம். எஸ்எம்டிபி என்பது மெயில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் ஒப்படைக்கும்போது பேசும் மொழி. எல்லா மெயிலையும் ஒரே கோப்பில், அந்த உரையாடலாகவே எழுதிவிடுவது: மெயில் ஃப்ரம் (அனுப்புநர்), ஆர்சிபிடி டு (பெறுநர்), டேட்டா (கடிதம்), முடிவில் தனி வரியில் ஒரு புள்ளி, உடனே அடுத்த கடிதம். அதை ஜிஜிப் என்ற சுருக்கு நிரலில் சுருக்கி அனுப்பினால், மறுமுனையில் ஒரே நிரல் பிரித்து வரிசையாக ஒப்படைத்துவிடும்.

பேச்சு குறைவது பாதி லாபம்தான். மீதி, அனுப்புநர், பெறுநர், தேதி என்று மெயிலின் மேலே வரும் தலைப்பு வரிகளில் இருக்கிறது. நான்கு வரிக் கடிதத்துக்குப் பதினைந்து வரித் தலைப்பு, அதுவும் மெயிலுக்கு மெயில் கிட்டத்தட்ட ஒன்றே. தனியாகச் சுருக்கினால் ஜிஜிப் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கற்க வேண்டும். மூட்டையாக இருந்தால் முந்தைய கடிதத்தைச் சுட்டிக்காட்டி முடித்துவிடும். ஆனால் அதன் கண்ணுக்கு எட்டுவது பின்னால் 32 கேபி மட்டுமே. அதனால் ஒரே ஆள் அனுப்பியவற்றை அடுத்தடுத்து வைப்பேன்.

"இணைப்பை ஏற்கெனவே ஜிப் பண்ணியாச்சே, இன்னும் என்ன சுருங்கும்?" என்று கேட்பார்கள். சுருங்கும். இணைப்பை மெயிலில் வைக்க வெறும் எழுத்தாக மாற்றும் பேஸ்64, மூன்று பைட்டை நான்கு எழுத்தாக்குகிறது. அந்த வீக்கத்தில் பெரும்பகுதியை ஜிஜிப் திரும்ப எடுத்துவிடும்.

மோடமே வி.42பிஸ் முறையில் சுருக்குமே என்றால், சரி, ஆனால் கோப்புக்குக் கோப்பு நடக்கும் பேச்சை அது நீக்காது. பிஜிப்2 என்ற இன்னொரு நிரல் ஜிஜிப்பைவிட நன்றாகச் சுருக்கும்தான். ஆனால் இயல்பான அமைப்பில் சுருக்கும்போதே 7 எம்பிக்கு மேல் நினைவகம் கேட்கும். எங்கள் 486 கணினியில் இருந்ததே 8 எம்பி, டிஸ்க் கதறும். போன் லைனிலேயே இணைய இணைப்பு தரும் பிபிபி வழியாக எஸ்எம்டிபியும், காத்திருக்கும் மெயிலை அனுப்பச் சொல்லிக் கேட்கும், 1996-ல் வந்த இடிஆர்என் கட்டளையும் நல்ல வழிதான், ஆனால் மூட்டையும் இல்லை, சுருக்கமும் இல்லை.

மூட்டையின் ஒரே பயம் லைன் அறுவது. ஒரு ஜூலை மழை இரவில் 400 கேபி மூட்டை முக்கால்வாசி போயிருந்தது. கிளையிலிருந்த பையன் போன் செய்தான்: "அண்ணா, லைன் போயிடுச்சுங்க, ஒண்ணும் வரலைங்க." எங்களிடம் இருந்த பழைய யுயுசிபிக்கு விட்ட இடத்தில் தொடரத் தெரியாது. டெய்லர் யுயுசிபி என்ற புதிய வடிவத்துக்குத் தெரியும். ஆனால் மறுமுனையிலும் அதுவே இருக்க வேண்டும். இதில் தனித்தனியாக அனுப்புவதுதான் ஜெயிக்கும்: போன கடிதங்கள் போனவைதான்.

அன்றிரவே மூட்டைக்கு 60 கேபி வரம்பு வைத்தேன். லைன் அறுந்தால் நஷ்டம் ஏறக்குறைய ஒரு நிமிடம். தனியாகவே 60-ஐத் தாண்டும் கடிதம், கடைசி மூட்டையாகப் போகும்.