லேண்ட்சாட் வெப்பப் படங்கள்: ஒரு பூகோள டீச்சரின் மதிப்புரை

மதுரை ஒத்தக்கடைப் பக்கம் ஒரு பள்ளியில் பூகோளம் எடுக்கிறேன். நம்ம ஊர் எங்கே எவ்வளவு சுடுகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட லேண்ட்சாட் 8, 9 செயற்கைக்கோள்களின் வெப்பப் படங்களைத்தான் நம்பியிருக்கிறேன். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் எர்த் எக்ஸ்புளோரர் தளத்தில் பெயரைப் பதிந்தால் போதும், பைசா செலவில்லை. இரண்டும் சேர்ந்து 8 நாளுக்கு ஒருமுறை மதுரையைப் படம் எடுக்கின்றன.

தரைச் சூடாகக் கணக்கிட்டு வைத்திருக்கும் லெவல் 2 தரவில் எஸ்டி பி10 (ST_B10) என்று முடியும் கோப்பை இறக்கி, க்யூஜிஐஎஸ் (QGIS) என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்தால் வெறும் எண்களாக இருக்கும். பயப்பட வேண்டாம். எண்ணை 0.00341802 ஆல் பெருக்கி 149 கூட்டுங்கள், கெல்வின் வரும், அதில் 273.15 கழித்தால் செல்சியஸ். 47,000 என்றால் 36.5 டிகிரி, 49,000 என்றால் 43.3. இது தரையின் சூடு, காற்றின் சூடு அல்ல. செய்தியில் சொல்லும் மதுரை வெயிலோடு இதை ஒப்பிடக் கூடாது.

சூடான இடம் சிவப்பு, குளிர்ந்த இடம் நீலம் என்று நிறம் கொடுத்த ஒரு கோடைப் படத்தைப் பார்த்துவிட்டு எட்டாம் வகுப்புப் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், நம்ம ஒத்தக்கடை ஆனைமலைப் பாறைதானே காலைச் சுடும்? கீழே இருக்கிற தரிசு ஏன் அதைவிடச் சிவப்பா இருக்கு?" அருமையான கேள்வி. செயற்கைக்கோள் நம் தலைக்கு மேல் வருவது காலை பத்தரை வாக்கில். பாறை சூட்டை உள்ளே இழுத்துக்கொண்டு மெதுவாகத்தான் ஏறும். காய்ந்த மண்ணுக்கு மேல்தோல் மட்டும் சட்டென்று சுட்டுவிடும். பெரியாறு கால்வாயில் தண்ணீர் வரும் காலத்தில் எடுத்த படத்திலோ மேலூர்ப் பக்கம் தண்ணீர் நிற்கும் வயல்கள் நீலமாகத் தெரியும்.

இவ்வளவு நுணுக்கம் தெரிவதற்குக் காரணம் உள்ளே இருக்கும் உணரி. டிர்ஸ் (TIRS) என்ற வெப்பக் கதிர்க் கருவியில் 640க்கு 512 புள்ளிகள் கொண்ட மூன்று குவாண்டம் கிணறு அகச்சிவப்பு உணரிகள் இருக்கின்றன. சில நானோமீட்டர் கனமுள்ள காலியம் ஆர்சனைடு அடுக்கு, இருபுறமும் அலுமினியம் கலந்த அடுக்கு. நடு அடுக்குதான் அந்தக் கிணறு. அதில் சிக்கிய எலக்ட்ரானை வெப்பக் கதிர் மேலே தூக்கிவிடும்போது மின்னோட்டம் பிறக்கிறது. எந்த அலைநீளத்துக்கு இசைய வேண்டும் என்பதை அடுக்கின் கனத்தை வைத்தே முடிவு செய்யலாம். 1987இல் பெல் ஆய்வகத்தில் லெவின் குழுவினர் இப்படி ஓர் உணரியைச் செய்து காட்டினார்கள். ஆனால் நேர்க்குத்தாக விழும் கதிரை இந்த அடுக்கு உறிஞ்சாது. மேற்பரப்பில் வரிப்பள்ளம் வெட்டிக் கதிரைச் சாய்த்துவிட்டுத்தான் அந்தத் தடையைத் தாண்டினார்கள். இன்னமும் இதை 43 கெல்வினுக்கு, அதாவது மைனஸ் 230 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டியிருக்கிறது. இவ்வளவு பாடுபடுவதற்குப் பலன் உண்டு: ஆயிரக்கணக்கான புள்ளிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே வேலை செய்கின்றன. லேண்ட்சாட் 7 போல இடமும் வலமும் ஆடித் தரையை வரிவரியாகப் பார்க்கும் கண்ணாடியும் தேவையில்லை.

குறை என்றால் படத்தின் ஒரு புள்ளி தரையில் அடைக்கும் அளவு. கோப்பில் 30 மீட்டர் என்று இருக்கும், உண்மையில் அளந்தது 100 மீட்டர். வண்டியூர்த் தெப்பக்குளம் பக்கத்துக்குச் சுமார் 300 மீட்டர். ஆக மூன்றுக்கு மூன்று புள்ளிதான். அதிலும் ஓரத்துப் புள்ளிகளில் கரையும் ரோடும் கலந்துவிடும். நடுப்புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மையமண்டபமும் அந்த நடுப்புள்ளியிலேயே கலந்திருக்கும், தனியாகத் தெரியவே தெரியாது. மாடக்குளம், வண்டியூர்க் கண்மாய்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, தண்ணீர் இருக்கிற வருடம் இல்லாத வருடம் என்று தாராளமாக ஒப்பிடலாம். கண்மாய்க்காகப் பேசுகிறவர்கள் எல்லாரும் இந்தப் படத்தை ஒருமுறையாவது இறக்கிப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

அப்புறம், தரையின் வெப்பக் கதிர் மேகத்தை ஊடுருவாது. ஐப்பசி, கார்த்திகையில் பாதிப் படம் வீணாகும், மாசி பங்குனியில் தொடங்குங்கள். மொட்டை மாடியில் எந்த மூலை சுடுகிறது என்று பார்க்க இது ஆகாது. அதற்குக் கையில் பிடிக்கும் வெப்பக் கேமரா போதும், அதைக் குளிர்விக்கவும் வேண்டாம்.