சைலாக், டிஎம்டி, லேபிள் இல்லாத முறை: மாதிரிகளை எந்தக் கட்டத்தில் கலக்கிறோம்?

ஒரு புரதம் ஒரு மாதிரியைவிட இன்னொன்றில் எத்தனை மடங்கு கூட என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளக்க மூன்று வழிகள் பரவலாகப் புழங்குகின்றன. மாதிரிகளை எந்தக் கட்டத்தில் கலக்கிறோம் என்பதை வைத்தே இவற்றை எடைபோட வேண்டும். கலந்தபின் நேரும் இழப்பு எல்லா மாதிரிக்கும் பொது. கலக்குமுன் நேர்வது விகிதத்தையே கெடுக்கும்.

கனமான ஐசோடோப்பு உள்ள அமினோ அமிலங்களை ஊட்டிச் செல்களை வளர்ப்பது சைலாக். இதில் செல்களையே கலந்துவிடலாம், அதனால் பிழை மிகக் குறைவு. கனமான ஆர்கினைனும் (நிறை 10 டால்டன் கூடுதல்) லைசினும் (8 டால்டன்) உள்ள ஊடகத்தில் செல்கள் 5 முறையாவது இரட்டிப்பாக வேண்டும். சீரம் டயாலிசிஸ் செய்ததாக இருக்கட்டும். இல்லாவிட்டால் அதிலுள்ள சாதாரண அமினோ அமிலங்கள் புரதத்தில் நுழைந்துவிடும். சில செல்கள் ஆர்கினைனைப் புரோலினாக மாற்றும். அப்போது கனமான பெப்டைடின் (புரதத் துண்டின்) சிக்னல் உச்சி சிதறி, அளவு குறைத்துக் காட்டும். ஊடகத்தில் புரோலின் சேர்த்தால் இது அடங்கும். நோயாளியின் ரத்தத்துக்கு இம்முறை நேரடியாக ஒத்துவராது.

டிஎம்டியில், டிரிப்சின் என்ற நொதி வெட்டிய பெப்டைடுகளில் மாதிரிக்கு ஒன்றாக வேதி அடையாளம் (லேபிள்) ஒட்டிய பிறகே கலப்பு. ஒரே கலவையில் 18 மாதிரியோ அதற்கு மேலுமோ போடலாம். கெடுவது பெரும்பாலும் ஒட்டும்போதுதான். ட்ரிஸ் பஃபர் கூடாது, அதன் அமீனே லேபிளைத் தின்றுவிடும், பிஎச் 8.5-ல் ஹெபீஸ் போதும். குளிரிலிருந்து எடுத்த குப்பியை உடனே திறந்தால் ஈரம் படிந்து லேபிள் வீணாகும். ஹைட்ராக்சிலமைன் சேர்த்து வினையை நிறுத்துமுன், ஒவ்வொரு குழாயிலிருந்தும் 1 மைக்ரோகிராம் எடுத்து ஓட்டிப் பாருங்கள். மீதி −80 டிகிரியில் காத்திருக்கட்டும். ஒட்டாத பெப்டைடு 2 சதவீதத்தைத் தாண்டினால் அப்போதே லேபிள் கூட்டலாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் விகிதம் சுருங்குவது. உண்மையான சிக்னல் 100-க்கு 10 என்று வையுங்கள். அதே நிறையில் கூடவே நுழைந்த வேறு பெப்டைடுகள் இரு பக்கமும் 10 கூட்டினால் 110-க்கு 20. பத்து மடங்கு வித்தியாசம் ஐந்தரை மடங்காகிறது. எந்த மென்பொருளும் இதை முழுமையாக மீட்டுத் தராது. உடைந்த துண்டுகளை மீண்டும் ஒருமுறை உடைத்து அளக்கும் எம்எஸ்3 பெருமளவு சரிசெய்யும், ஆனால் வேகமும் உணர்திறனும் குறையும்.

லேபிள் இல்லாத முறையில் கலப்பே இல்லை. செலவு குறைவு, மாதிரி எண்ணிக்கைக்கு வரம்பில்லை. டிடிஏ என்ற பழைய ஓட்ட முறையில் செறிவான அயனிகளே தேர்வாவதால் முடிவு அட்டவணையில் ஓட்டைகள் விழும்; எல்லா அயனிகளையும் உடைக்கும் டிஐஏ முறையில் அது வெகுவாகக் குறையும். நூறு, இருநூறு பிளாஸ்மா மாதிரிகளுக்கு டிஐஏ-தான் சரி. நோயாளிகளை முதலிலும் ஆரோக்கியமானவர்களைப் பிறகும் ஓட்டாதீர்கள். பெப்டைடுகளைப் பிரிக்கும் குழாய் (column) அழுக்காவதும் நோயின் விளைவும் பிரிக்க முடியாமல் கலந்துவிடும். வரிசையைக் குலுக்கிப் போட்டு, பத்து ஓட்டத்துக்கு ஒருமுறை எல்லா மாதிரியும் சேர்ந்த பொதுக் கலவையை ஓட்டுங்கள்.