இடிக்கவா, கான்க்ரீட்டா, சுண்ணாம்பா? மயிலாப்பூர்ல ஒட்டி நின்ன மூணு வீட்டோட கதை

மயிலாப்பூர்ல எங்க தெருவுல மூணு பழைய வீடு ஒட்டி ஒட்டி இருந்துச்சு. நடுவுல பொதுச்சுவர், திண்ணை, ரேழிங்கற நடை, மித்தம்ங்கற திறந்த முற்றம், கூடம்னு மூணுமே ஒரே அமைப்பு, மேல மூணுக்குமே மெட்ராஸ் டெரஸ் கூரை. பத்து வருஷத்துக்குள்ள மூணும் மூணு வழில போச்சு. நடு வீடு எங்களோடது, சுண்ணாம்புலயே ரிப்பேர் பண்ணோம். இடது பக்கம் அத்தை வீடு, அவங்க கூரையை எடுத்துட்டு கான்க்ரீட் போட்டாங்க. வலது பக்கம் பில்டர் கிட்ட போயி இப்ப கீழ கார் நிறுத்தற ஸ்டில்ட்டும் மேல மூணு மாடியுமா நிக்குது. பழைய வீட்டை என்ன பண்றதுன்னு யார் கேட்டாலும் இந்த மூணையும் வந்து பாருங்கன்னுதான் சொல்றேன்.

முதல்ல தலைக்கு மேல என்ன இருக்குன்னு புரியணும். மெட்ராஸ் டெரஸ்னா தேக்கு உத்திரத்தை நெருக்கமா போட்டு, அதுக்கு மேல ஆச்சிக்கல்னு சொல்ற மெல்லிசு செங்கலை நெட்டுக்குத்தா, கோணலா வரிசை வெச்சு சுண்ணாம்புல ஒட்டுவாங்க, அதுக்கு மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறின தண்ணியை தெளிச்சு தெளிச்சு கட்டையால நாள் கணக்கா அடிப்பாங்க, கடைசியா தட்டோடுங்கற தட்டை ஓடு. கம்பியே கிடையாது. இது ஒழுக ஆரம்பிச்சதும் எல்லாரும் பண்ற தப்பு மேல ஒரு கோட் சிமெண்ட் போடறது. எங்க மாடியை கொத்திப் பார்த்தப்ப தட்டோட்டுக்கு மேல மூணு லேயர் சிமெண்ட், ஒவ்வொரு தடவை ஒழுகினப்பவும் ஒண்ணு. அந்த வெயிட்டுலதான் உத்திரம் தொய்ஞ்சு போச்சு, நாங்க வீடு வயசாயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டோம்.

அத்தை வீட்டுல நடந்தது எனக்கு இன்னும் வருத்தம்தான். நாலு பேர் நாலு விதமா பயமுறுத்தினதுல அவசரமா முடிவெடுத்துட்டாங்க. உத்திரம் எல்லாம் இறக்கி வித்து, பழைய சுவர் மேலயே ஸ்லாப் போட்டு, உள்பக்கம் சுண்ணாம்புப் பூச்சை சுரண்டிட்டு சிமெண்ட் பூச்சு, தரைல ரெட் ஆக்ஸைடை உடைச்சுட்டு டைல்ஸ். முதல் வருஷம் பளிச்சுன்னு இருந்துச்சு. ரெண்டாவது மழைக்கு அப்புறம் சுவர்ல இடுப்பளவு உப்பு பூத்து பெயிண்ட் உரிய ஆரம்பிச்சுடுச்சு, ஏன்னா அந்தக் கால அஸ்திவாரத்துல ஓதம் தடுக்கற லேயரே கிடையாது, தரைலேர்ந்து ஏறுற ஈரம் சுண்ணாம்பு வழியா மூச்சு விட்டு வெளிய போயிட்டு இருந்துச்சு, சிமெண்ட் அதை உள்ளயே அடைச்சுடுச்சு. மேல ஸ்லாப் வெயில்ல காய்ஞ்சு ராத்திரி பூரா சூட்டை இறக்குது, மித்தத்தையும் மூடிட்டதால காத்து போக வழியில்ல, ரேழில கூட ஏசி போடணும்ங்கற நிலைமை. பணமும் செலவாச்சு, பழைய வீடும் போச்சு, புது வீடும் கிடைக்கல. மூணு வழிலயும் இதைத்தான் நான் மோசம்னு சொல்லுவேன், இடிக்கறதை விட மோசம்.

பில்டர் கிட்ட குடுத்தவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு கிரவுண்டு, அதாவது 2400 சதுர அடி, நாலு வாரிசு. எஃப்எஸ்ஐ, அதாவது மனையைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற அளவு, 2-ன்னா கணக்குக்கு 4800 வரும், பில்டரோட பாதிக்கு பாதி பங்கு போடற ஜாயின்ட் வென்ச்சர்னா 2400, ஆளுக்கு 600. அதுலயும் சுத்தி காலியா விட வேண்டிய செட்பேக், ரோடு அகலம்னு கழியும். ஆனா நாலு பேருக்கும் தனித்தனி பத்திரம், சண்டை இல்லாம முடிஞ்சுது, வயசானவங்களுக்கு லிஃப்ட் வந்துச்சு. அதே வீட்டை பழுது பார்த்தா நாலு பேர் எப்படி பிரிச்சுக்கறது, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஒண்ணு மட்டும் கவனிங்க, இடிக்க வர்ற ஆளு நம்ம கிட்ட காசு கேக்க மாட்டான், அவனே காசு குடுப்பான், அந்த பர்மா தேக்குக்கும் கதவு நிலைக்கும்தான். அக்ரிமெண்ட்ல மரம் யாருக்குன்னு எழுதலைன்னா அது பில்டரோட பாக்கெட்டுக்குப் போயிடும், அவங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. இன்னொண்ணு, புது கட்டடம்னா கவலையே இல்லன்னு நினைக்காதீங்க. இங்க கடல் காத்துல உப்பு, ஸ்லாப்புக்குள்ள கம்பி துரு பிடிச்சு வீங்கி கான்க்ரீட் பெயர்ந்து விழறதை இதே ஏரியாவுல எண்பதுகள்ல கட்டின ஃப்ளாட்டுங்கள்ல பாக்கலாம். அந்த மாதிரி ஃப்ளாட்டையே மூணுல ரெண்டு பங்கு ஓனர்ங்க ஒத்துக்கிட்டா இடிச்சுக் கட்டலாம்னு தமிழ்நாட்டோட 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டம் சொல்லுது, எங்க கூடம் அதை விட ரெண்டு தலைமுறை மூத்தது.

எங்க வேலைக்கு வர்றேன். ஆசாரி ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு ஒவ்வொரு உத்திரமும் சுவருக்குள்ள நுழையற முனைல குத்திப் பார்த்தார், கெடறது எப்பவும் அங்கதான், சுவர் ஈரம் ஏறி. கூடத்துல 14-ல 3 தான் இத்துப் போயிருந்துச்சு, மிச்சம் பதினொண்ணும் தட்டினா கணீர்னு சத்தம். அந்த மூணுக்கும் பதிலா வேற ஒரு இடிச்ச வீட்டோட தேக்கையே வாங்கிப் போட்டோம். மேல இருந்த சிமெண்டை எல்லாம் பதமா கொத்தி எடுத்துட்டு சுண்ணாம்பு ஜல்லி. இதுக்கு கொத்தனார் கிடைக்கறதுதான் பெரிய பாடு, காரைக்குடி பக்கத்துலேர்ந்து வந்தாங்க, சுண்ணாம்பு ஊறணும், அடிக்கணும், காயணும்னு மூணு மாசத்துல முடியும்னது ஏழு மாசம் ஆச்சு, ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சே ஆகணும்னு தூக்கமே இல்ல. அவசரப்படறவங்களுக்கு இந்த வழி சரிப்படாது. ஆனா மே மாசம் மத்தியானம் கூடத்துல ஃபேன் மட்டும் போட்டுக்கிட்டு படுக்க முடியுது.

எங்களால சரி பண்ண முடியாதது ரோடு. ரோட்டை சுரண்டாம மேல மேல போட்டு, நாலு படி ஏறுற திண்ணை இப்ப ஒரு படியா நிக்குது. தனி வீடா இருந்தா ஜாக்கி வெச்சு தூக்கலாம், பொதுச்சுவர்னா முடியாது. வாசல்ல ஒரு வரப்பு கட்டி மித்தத்துத் தண்ணியை கிணத்துக்கு திருப்பி விட்டிருக்கோம், இப்போதைக்கு தாங்குது. வலது பக்கம் இடிச்சப்ப பொதுச்சுவர்ல விரிசல் விட்டதையும் நாங்கதான் சொந்த செலவுல அடைச்சோம். வரிசை வீட்டுல ஒருத்தர் மட்டும் காப்பாத்தறது ரொம்ப கஷ்டம். பாண்டிச்சேரி வைசியாள் வீதில வரிசையா தெருவையே எடுத்துப் பண்ணாங்க, 2008-ல யுனெஸ்கோ விருதும் கிடைச்சுது, அங்க நடந்து பார்த்தா ஏன்னு புரியும்.

உத்திரத்துல பாதிக்கு மேல கரையான் அரிச்சு, வாரிசும் நாலஞ்சு பேருன்னா நானே பில்டரைப் பாருங்கன்னுதான் சொல்லுவேன். மத்தவங்க கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு நல்ல ஆசாரியை ஸ்க்ரூ டிரைவரோட கூப்பிட்டு ஒரு நாள் காட்டுங்க. அத்தை இப்ப ரேழி சுவர்லயாவது சிமெண்டை உரிச்சுட்டு சுண்ணாம்பு பூசிப் பார்க்கலாமான்னு கேக்கறாங்க, தை பொறந்ததும் எங்க கொத்தனார் வர்றேன்னு சொல்லியிருக்கார்.